மெர்வின் யாரெம்கோ கேரவனைத் தயார் செய்கிறார்

உலகத்தில் ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு வகை, வீட்டோடு கிடப்பவர்கள் ஒரு வகை என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. புறப்படத் தயாராகிக்கொண்டே இருக்கும் இனம். எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்துச் சமவெளியில், பனி உருகி வாசலெல்லாம் சேறாகும் ஏப்ரல் மாதத்தில், இந்த இனத்தைத் தெருவுக்கு நாலு பேர் வீதம் பார்க்கலாம். வீட்டு முன்னால் ஒரு கேரவன் நிற்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களுக்கு உரியவரிடம் எப்போது கிளம்புகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வெளியே வந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

யார்க்டன் நகரத்து மெர்வின் யாரெம்கோவையே எடுத்துக்கொள்ளுங்களேன். தானியக் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் எடை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, டிரக்குக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கேரவன் ஒன்றை வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, தண்ணீர்த் தொட்டி என்று சகல வசதியும் உண்டு. வாங்கி ஆறு கோடை ஆயிற்று. இதுவரை அது போன தொலைதூரப் பயணம், ஊருக்கு வெளியே இருக்கும் வண்டி கழுவுமிடம். போக வரப் பதினோரு கிலோமீட்டர்.

சோம்பேறி என்று நினைத்தால் அது பாவம். மெர்வின் கூரை மேல் ஏறி ஒவ்வொரு இடுக்காகப் பசை தடவுவார், இறங்கியதும் அது காய்ந்ததா என்று பார்க்க மறுபடி ஏறுவார், டயரில் காற்றை அளப்பார், அளக்கும்போதே கொஞ்சம் போய்விட்டதே என்று திரும்ப அடிப்பார், அடித்தது கூடிவிட்டதோ என்று திரும்ப அளப்பார், புகை அலாரத்தின் பொத்தானைப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்வரை அழுத்துவார், ஒவ்வொன்றையும் அட்டையில் செருகிய பட்டியலில் டிக் அடிப்பார். பட்டியலில் நூற்று நாற்பது வரி. கடைசி வரி, பட்டியலை ஒருமுறை சரிபார்ப்பது.

இதில் தண்ணீர்க் குழாய் விவகாரம் தனிக் கதை. எங்கள் ஊர்க் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் நின்றால் உறைந்து வெடித்துவிடும். அதனால் குளிர்காலம் வருமுன் ரோஜா நிறத்தில் உறையாத் திரவம் ஒன்றை உள்ளே ஓடவிட்டு, வசந்தத்தில் அதை அலசி வெளியேற்றுவார்கள். எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை செய்கிற வேலை. மெர்வின் ஏப்ரலில் அலசுவார். அன்று மாலை வானிலைச் செய்தியில் எவராவது இரவு கொஞ்சம் குளிரலாம் என்று சொல்லித் தொலைப்பார். மெர்வின் எழுந்துபோய் ரோஜா நிறத்தைத் திரும்ப ஊற்றிவிட்டு வருவார். மறுவாரம் அலசல். அதற்கடுத்த வாரம் ஊற்றல். ஒரு வருடம் ஜூன் மாத நடுவில் ஊற்றினார். வெளியே கொசு கடித்துக்கொண்டிருந்தது.

எலிக்கும் இப்படித்தான் ஏற்பாடு. எலி வராமலிருக்க வாசனைத் தாள் வையுங்கள் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, மூலைக்கு மூலை நூறு தாள் வைத்தார். எலி வந்தது. தாள்களைக் கிழித்து மெத்தை போட்டுக்கொண்டது. ஆறு குட்டிகளும் போட்டது. அந்தக் கேரவனில் குடும்பத்தோடு தங்கி நிம்மதியாக விடுமுறையைக் கழித்த ஒரே ஜீவன் அதுதான்.

மெர்வினின் இனம் தனியாக வாழ்வதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வெண்டெல் வருவார். அவரிடமும் ஒரு கேரவன் உண்டு, அதுவும் எங்கும் போனதில்லை. இருவரும் கையைப் பையில் விட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைத் துப்பியபடி, சக்கரத்தைப் பார்த்து அரை மணி நேரம் நிற்பார்கள். வெண்டெல் காலால் டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு ம் என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு ம்முக்காக மெர்வின் அச்சு முழுவதையும் கழற்றிப் போடுவார். ஒரு வாரம் காலி.

மனைவி டோரீன் வேறு ரகம். பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மைனஸ் முப்பத்தைந்து குளிரிலும் காலை ஏழே காலுக்குக் கிளம்பியவர், ஒரு நாளும் பிந்தியதில்லை. அவருக்கு ஒரே ஒரு ஆசை. காலையில் கண் விழித்ததும் ஜன்னலில் தண்ணீர் தெரிய வேண்டும். காப்பிக் கோப்பையோடு போய் ஏரியில் காலை விட்டு உட்கார வேண்டும். ஆறு கோடையாக அவர் கண் விழித்ததும் ஜன்னலில் தெரிந்தது கேரவன்தான். சில சமயம் அதன் கூரையில் மெர்வினும் தெரிவார். அறுபத்தெட்டு வயதில் இன்னும் எத்தனை கோடை மிச்சமிருக்கிறது என்று அவர் யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

இந்த வருடம் அவர் கணவரைக் கேட்கவில்லை. ஏரிக்கரைப் பூங்காவில் இடம் ஒதுக்கும் நாளன்று, விடிந்ததும் விடியாததுமாகக் கணினியின் முன் உட்கார்ந்து, மே மாதத்து நீண்ட வாரக் கடைசி விடுமுறைக்குத் தண்ணீரை ஒட்டிய இடம் ஒன்றைப் பிடித்துவிட்டார். அந்த இடங்கள் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகிறவை. நிபந்தனை ஒன்றுதான். சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் போய்ச் சேராவிட்டால், இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

வெள்ளி காலை கிளம்புவதாக ஏற்பாடு. வெள்ளி மதியம் மெர்வின் கேரவனின் பக்கவாட்டில் விரிக்கும் வெயில் மறைப்பைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளி மாலை அதை மடிக்க முடியவில்லை. டோரீன், பிடித்து வைத்திருந்த பெரோகிக் கொழுக்கட்டைகளைக் கேரவனின் குளிர்பெட்டிக்குள் அடுக்கினார்.

சனிக்கிழமை ஒன்பது மணி. ஏரிக்கு இரண்டரை மணி நேரப் பயணம். டிரக்கில் கேரவன் மாட்டியாயிற்று, தாங்குகால்கள் தூக்கியாயிற்று, கதவு பூட்டியாயிற்று. பட்டியலில் கடைசிக்கு முந்தின வரி பாக்கி, பின்விளக்குகள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மெர்வின் டோரீனை டிரக்கில் உட்கார வைத்து எஞ்சினைப் போடச் சொல்லிவிட்டு, ரப்பர் செருப்போடு வண்டியின் பின்னால் போய் நின்றார்.

பிரேக் என்றார். எரிந்தது. இடது என்றார். மினுக்கியது. இன்னொரு தரம் இடது என்றார். திரும்பவும் மினுக்கியது. மெர்வின் குனிந்து, அதில் ஒரு மினுக்கு லேசாக மங்கலோ என்று சந்தேகப்பட்டார்.

"ஏம்மா, இதைக் கழற்றி ஒரு தடவை துடைச்சிடட்டுமா? அரை மணி நேரம்தான்."

டோரீன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கைக்கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வலதைப் பார்த்துட்டீங்களா?"

"இன்னும் இல்லையே. சரி, வலது போடு."

வலது விளக்கு மினுக்கியது. மினுக்கிக்கொண்டே கேரவன் நகர்ந்தது. தெருவில் இறங்கி வலப்பக்கம் திரும்பியது. நல்ல திருப்பம், ஓரக்கல்லில் உரசக்கூட இல்லை. மெர்வின் முதலில் செய்த காரியம், பட்டியலில் வலது விளக்குக்கு நேரே டிக் அடித்தது. அதற்குப் பிறகுதான் ஓடினார்.

தெருமுனையில் டோரீன் நிறுத்தியிருந்தார். மூச்சு வாங்க வந்து சேர்ந்த கணவருக்குப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க. விளக்கெல்லாம் நல்லாத்தான் எரியுது."

"ஏறுறேன், ஏறுறேன். நிக்கிறதே நிக்கிறோம், அந்தப் பின் டயரை மட்டும் ஒரு பார்வை..."

சொல்லிக்கொண்டே மெர்வின் பின்னால் போய்க் குனிந்தார். டோரீனுக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு கையை நீட்டிக் கதவைச் சாத்தினார். குனிந்திருந்தவரின் கண்ணெதிரிலேயே டயர் உருண்டது. காற்று சரியாகத்தான் இருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு டோரீன் ஏரிக்கரையில் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் இன்னும் ஐஸ் மாதிரி இருந்தது. காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார், எடுக்கவில்லை. யார்க்டனில் வெண்டெல் வந்து, காலி வாசலை மெர்வினோடு சேர்ந்து அரை மணி நேரம் பார்த்தார். வண்டி ஒரு ஆட்டம் ஆடாமல் நேராகப் போகிறது என்று மெர்வின் பெருமையாகச் சொன்னார். அது திரும்பி வந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று உள்ளே போய்ப் பட்டியல் போட ஆரம்பித்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விருந்தாளிக்கென்று கண்ணாடி அலமாரியில் இருபது வருடமாகக் காத்திருக்கும் சாப்பாட்டுத் தட்டுகள் யாருடையவை? நல்ல நாளுக்கென்று பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிடக்கும் பட்டு யாருடையது? பெண்ணின் பரீட்சை முடியட்டும், பையனின் வேலை அமையட்டும், முட்டிவலி கொஞ்சம் குறையட்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பது எந்த ஊர் மெர்வின்? எனக்கெதற்கு வம்பு. ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொள்ளுங்கள். தெருமுனையில் ஒரு தரம்தான் நிறுத்துவார்கள்.