கரியன் தூக்கிய கால்

"ஏனுங்க, இங்கெ வந்து பாருங்க, உங்க செல்லப்புள்ள பண்ணி வச்சிருக்கற காரியத்தை!"

சமையலறையிலிருந்து முத்தாயம்மாளின் குரல் கேட்டதும் கந்தவேல் வேப்பங்குச்சியை வாயில் கடித்தபடியே ஓடினார். நிலைப்படி ஓரத்தில் சின்னதாக ஒரு குளம். பக்கத்தில் கரியன். ஓடி ஒளியவும் இல்லை, வாலைக் கால் இடுக்கில் செருகவும் இல்லை. ராத்திரி முழுக்க முழித்துக் காவல் காத்தவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"நம்ம கரியனா? இருக்காது முத்தாயி. குடம் ஒழுகியிருக்கும்."

"குடம் ஒழுகுனா இப்பிடியா நாறும்? குனிஞ்சு மோந்து பாருங்க."

கந்தவேல் குனியவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் பெண்டாட்டி சொல்லை நம்பிவிடுவதுதான் ஆம்பிளைக்கு அழகு.

ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை. சொந்த ஊர் சேந்தமங்கலத்தில் கரியனைப் போல ஒழுக்கமான நாய் கிடையாது. கொட்டுகிற மழையிலும் வேலி ஓரம் போய்க் காலைத் தூக்கிவிட்டு, வாசலிலேயே உடம்பை உதறிவிட்டுத்தான் உள்ளே வரும். "எங்க அண்ணன் பசங்களுக்குக் கூட இந்தப் பழக்கம் வரலீங்க" என்று முத்தாயம்மாளே சொந்தபந்தத்திடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். பிள்ளை இல்லாத வீடு. முதல் சோற்று உருண்டை கரியனுக்குத்தான்.

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கந்தவேலுக்கு அங்கே ஸ்டோர் குமாஸ்தா வேலை கிடைத்தது. கூடவே வரிசை வீடு ஒன்று. வரிசை வீட்டில் மாடு கட்ட ஏது இடம்? செவலைப் பசுவை முத்தாயம்மாளின் அண்ணன் வீட்டில் விட்டார்கள். கரியனை விட இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. ரயிலடியிலிருந்து சடையனின் குதிரை வண்டியில் அண்டா குண்டாவோடு கரியனும் ஏறிக்கொண்டு, ஜம்மென்று வந்து இறங்கியது.

புது வீட்டில் கால் வைக்கும்போதே முத்தாயம்மாளுக்குக் கவலை வந்துவிட்டது. முன்னால் எவர் குடியிருந்தாரோ, என்னென்ன தின்றாரோ! பால் காய்ச்சுவதற்கு முன்னால் கோமியம் தெளித்தாக வேண்டும். ஊரில் இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் செவலையின் கோமியத்தை வீடு முழுக்கத் தெளித்துத்தான் அவளுக்குப் பழக்கம். சாமான் இறக்கிக்கொண்டிருந்த சடையனிடம் ஒரு செம்பை நீட்டினாள்.

"சாமி, ஊட்டைச் சுத்தி பண்ணோணும். ஒரு சொம்பு கோமியம் புடிச்சாந்து தருவியா?"

சடையன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பெரிய இடத்துப் பழக்கம், நமக்கென்ன தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினான்.

"அதுக்கென்னங்கம்மா? தெனமும் வேணும்னாலும் தாரேனுங்க."

நல்ல மனுஷன். சொன்ன சொல் தவறாமல் செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தான். அதைத் தெளித்து, பால் பொங்கி, சாமி கும்பிட்டு எல்லாம் ஆன மறுநாள் காலையில்தான் அந்தக் குளம்.

முத்தாயம்மாள் அந்த இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சடையனிடம் இன்னொரு செம்பு வாங்கித் தாராளமாகத் தெளித்தாள். அது காய்வதற்குள் கரியன் வந்தது. மூக்கை வைத்து நன்றாக மோந்தது. கழுத்து மயிர் சிலிர்த்துக்கொண்டது. காலைத் தூக்கிவிட்டது.

"அடப் பாவி! சாமி மாடத்துக்கு நேராவே பண்றியே!"

அவள் மறுபடி கழுவினாள், மறுபடி தெளித்தாள். கரியன் மறுபடியும் வந்தது.

"கட்டிப் போட்டாத் தெரிஞ்சுக்கும்" என்று கந்தவேல் அதைக் கொல்லை வேம்பில் கட்டிவிட்டு ஆபீசுக்குப் போனார். ஒரு நாளும் கயிறு காணாத நாய். வானத்தைப் பார்த்து ஊளையிட ஆரம்பித்தது. அடுத்த வீட்டுச் சென்னம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, எங்க மாமியா காச்சல்ல கெடக்கறாங்க. உங்க நாயி எமனுக்கு வழி சொல்லிக் கூப்புட்டுட்டு இருக்குது. அவுத்து உடுங்க!"

அவிழ்த்து விட்டார்கள். கரியன் நேராக உள்ளே ஓடி, அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் நிலைப்படியில் கொட்டியது.

சென்னம்மாளுக்கே பரிதாபமாகப் போய்விட்டது. "அது ஊரு ஏக்கமுங்க்கா. பழைய ஊட்டு மண்ணு ஒரு கூடை கொண்டாந்து கொல்லையில கொட்டுங்க. அந்த வாசத்துக்கு அங்கெ போயிருமுங்க" என்றாள்.

சேந்தமங்கலத்துக்கு ஆள் போய், முத்தாயம்மாளின் அண்ணன் ஒரு கூடை மண் கொடுத்தனுப்பினார். அதைக் கொல்லையில் கொட்டியதும் கரியன் பாய்ந்து வந்தது. மோந்தது. அதில் படுத்துப் புரண்டது. கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டது. பார்த்துக்கொண்டிருந்த கந்தவேல் தானும் ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். அவருக்கும் ஊர் ஞாபகம்தான்.

பிறகு கரியன் எழுந்தது. மண்ணை உதறியது. மெதுவாக வீட்டுக்குள் நடந்துபோய்க் காலைத் தூக்கியது.

"சொந்த ஊரு மண்ணாச்சே, அதுல போயி எப்பிடிப் பண்ணும்?" என்றார் கந்தவேல்.

"இன்னும் அதுக்கே பரிஞ்சு பேசுங்க!"

முத்தாயம்மாளுக்கு இப்போது வேறு சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் ஏதோ தோஷம் இருக்கிறது, அது கரியன் கண்ணுக்குத் தெரிகிறது. அன்றிலிருந்து நிலைப்படி மட்டும் போதாது என்று கூடம், அறை, சாமி மாடம், அரிசிப் பானை அடி என்று எல்லா மூலையிலும் தெளித்தாள். கரியனும் சளைக்கவில்லை. கூடம், அறை, சாமி மாடம், அரிசிப் பானை அடி என்று ஒவ்வொன்றாகக் கவனித்தது. தண்ணீர் குடித்துக் குடித்து அதற்கே நாக்கு தள்ளிவிட்டது.

"சடையா, இந்த ஊருக் கோமியம் வாசம் சுருக்குனு ஏறுதே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நல்லாக் கொள்ளுத் தின்னுதுங்கம்மா. அந்தச் சத்துங்க" என்றான் சடையன் பெருமையோடு.

சத்தான கோமியம் என்றதும் முத்தாயம்மாளுக்குத் திருப்தி. அடுத்த நாள் முதல் இரண்டு செம்பு.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹெட்கிளார்க் வெங்கடாசலம் வீட்டுக்கு வந்தார். ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆபீஸ் பானைத் தண்ணீரைக்கூட வாயில் வைக்கமாட்டார். அவர் மனசு வைத்தால்தான் கந்தவேலின் வேலை நிலைக்கும், வீடும் நிலைக்கும். வாசலிலேயே நின்றார்.

"ஆஸ்பத்திரிக் கொட்டகைப் பக்கம் போயிட்டு வாரேன் கந்தவேலு. அப்படியே உள்ளே வரக்கூடாது. துளி கோமியம் இருந்தாத் தெளிக்கச் சொல்லு."

முத்தாயம்மாளுக்குப் புல்லரித்துப் போயிற்று. நம்மைப் போல ஒரு மனுஷர்! மாவிலையால் தொட்டுத் தொட்டுத் தெளித்தாள். வெங்கடாசலம் கையில் கொஞ்சம் வாங்கித் தலையில் தடவிக்கொண்டார். மீதியைக் காலில் விட்டுக்கொண்டார்.

"அசல் சரக்கு. வாசமே சொல்லுதே!" என்று மூச்சை இழுத்தார்.

பலகையில் உட்கார்ந்து முதல் பணியாரத்தைப் பிட்டார். கரியன் வந்தது. அவர் காலை மோந்தது.

"கரியா! வேண்டாண்டா!" என்று கந்தவேல் பாய்ந்தார். பாய்ந்து என்ன பிரயோசனம்?

வெங்கடாசலம் எழுந்து நின்று கத்தியது அந்த வரிசை முழுக்கக் கேட்டது. சென்னம்மாளின் மாமியார் காய்ச்சலோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"கந்தவேலு! ஒண்ணு நாயி இந்த ஊட்டுல இருக்கோணும், இல்லே நீ இருக்கோணும். நாளைக்குள்ளே முடிவு பண்ணிக்கோ!"

முடிவு பண்ண என்ன இருக்கிறது? நாயைச் சேந்தமங்கலத்துக்கே அனுப்பிவிட வேண்டியதுதான். அங்கே அண்ணன் வீட்டில் ஏற்கெனவே நாலு நாய். கிழட்டுக் கரியனைக் கடித்துத் துரத்திவிடும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

மறுநாள் விடிந்ததும் சடையன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். முத்தாயம்மாள் தயிர்ச்சோறு பிசைந்து உருட்டி உருட்டிக் கரியன் வாயில் வைத்தாள். வையாத வசவில்லை.

"தின்னு, சனியனே. நல்லாத் தின்னு. அங்கெ உன்னை எவ சீந்துவா? செவலை கோமியம் தெளிச்ச தரையில மூஞ்சிய வச்சுத் தூங்கிட்டுக் கெடந்த நாயி நீ. இங்கெ வந்து உனக்கு என்னடா கேடு வந்துச்சு? என்ர வளர்ப்பு சரியில்லையா?"

சொல்லிக்கொண்டே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கரியன் அவள் கன்னத்தை நக்கியது. கந்தவேல் துண்டால் மூக்கைச் சிந்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

"ஏறுடா சாமி. ரயிலுக்கு நேரமாச்சு."

கரியன் வண்டியில் ஏறவில்லை. வண்டிச் சக்கரத்தை மோந்தது, குதிரையை நிமிர்ந்து பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. கந்தவேல்தான் அதை அள்ளித் தூக்கி வண்டிக்குள் வைத்தார். எத்தனை லேசாகிவிட்டது என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

முத்தாயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்ன துக்கமானாலும் வீட்டைச் சுத்தி பண்ணாமல் இருக்க முடியுமா? உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து சடையனிடம் நீட்டினாள்.

"இன்னிக்குக் கோமியம் கொண்டாரலையா சடையா?"

சடையன் செம்பை வாங்கிக்கொண்டு, சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான்.

"சித்தெ பொறுங்கம்மா. குதிரை இப்பத்தானுங்க தண்ணி குடிச்சிருக்குது."