அன்னை ‘வேண்டாம்’ என்னும்வரை

புறப்படாத வீரர் என்று ஓர் இனம் உண்டு. சீனத்து ஃபூஜியன் கரையில் துறைமுகத்துக்கு ஒருவராவது இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் கடற்படைத் தலைவர் ஷென் பொலுன்.

கவசம் மினுங்கும், மீசை முறுக்கேறியிருக்கும், தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே நாலு கொள்ளைக் கப்பலை மூழ்கடிப்பார். “கிளம்பலாமே” என்றால் மட்டும் கடலன்னை கோயிலுக்குப் போய்விடுவார், உத்தரவு கேட்க. சந்நிதியில் இரண்டு பிறைக் கட்டைகளைப் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் ‘போ’. இரண்டும் கவிழ்ந்தால் ‘வேண்டாம்’. இத்தனைக்கும் பெரிய சண்டை ஒன்றுமில்லை. எங்கள் போர்க்கப்பல் சேகண்டி அடிக்காமல் நங்கூரம் தூக்காது. சத்தம் கேட்டதுமே கொள்ளையர் நழுவிவிடுவார்கள். அந்தச் சுகமான சண்டைக்கே இவருக்கு உத்தரவு வேண்டும்!

அன்று காலை ஒரே மூடுபனி. சிப்பி பொறுக்கும் சியூமெய் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அவள் புருஷனை எதிர்த்தீவில் கொள்ளையர் மடக்கிவிட்டார்கள்; கடலில் நீர் வடியத் தொடங்கியதும் ஆளோடு போய்விடுவார்கள். கோயில் வாசலில் கப்பல் பாய் தைத்துக்கொண்டிருந்த நானே ஊசியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

தலைவர் மண்டியிட்டுக் கட்டையைப் போட்டார். ‘போ’.

“அன்னை ஏதோ அவசரத்துல சொல்லிட்டா.”

மறுபடி போட்டார். ‘போ’.

“ஐயா, அதான் ரெண்டு தடவ சொல்லிட்டாளே!”

“சும்மா இரும்மா. நான் கேட்ட விதம் சரியில்ல. ‘இன்னிக்கே’ன்னு சேக்கல.”

சேர்த்தார். ‘போ’. பிறகு ஊரைச் சொல்லி, பேரைச் சொல்லி, கை கழுவி, ஊதுபத்தி மாற்றி, ஏழாம் முறை இரண்டும் கவிழ்ந்தபோது அந்த முகத்தில் வந்த துக்கத்தைப் பார்க்க வேண்டுமே!

“அன்னை சொல்லுக்கு மேல நான் யாரும்மா?”

“அதத்தான் நானும் கேக்குறேன்” என்றவள், நேரே போர்க்கப்பலில் ஏறிச் சேகண்டியைத் தூக்கினாள்.

“ஏய், அது அரசாங்கச் சேகண்டி!”

அவளும் நாலு சிப்பிக்காரிகளும் படகில் ஏறிப் போய் அடித்த அடியில் தீவே அதிர்ந்தது. பனியில் கப்பலா படகா என்று யார் கண்டது? கொள்ளையர் வழக்கம்போல நழுவினார்கள், அவசரத்தில் அவள் புருஷனை மணலிலேயே போட்டுவிட்டு. அவனை உயிரோடு கரைக்குக் கூட்டிவந்ததைப் பார்த்ததும் நான் அழுதேவிட்டேன்.

தலைவரோ மீசையைத் தடவினார். “பாத்தீங்களா? நான் போகாததே நல்லதாப் போச்சு!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் கட்டை போடுகிறவர் இல்லைதான். எதையும் நாலு பேரைக் கேட்டு முடிவெடுக்கிறவர். மூன்று பேர் “உடனே செய்” என்றார்கள். நாலாமவர் “இப்ப எதுக்கு?” என்றதும், ஐந்தாமவரைத் தேடாமல் வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டீர்களே, அது என்றைக்கு?