லோடு கேட்ட பெட்டி

இனிமேல் அடுப்படியில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடுவதில்லை என்று இஞ்ஞாசி சபதம் எடுத்தார். மிக்ஸியைக் கழற்றி மாட்டியதில் மூன்று ஸ்குரூ மிஞ்சிப்போக, அவர் மனைவி ஆனந்தமேரி அவற்றைக் கிண்ணத்தில் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். புகை போக ஒரு ஃபேன், பாத்திரம் கழுவும் மூலைக்கு ஒரு பல்பு என்று அவள் கேட்டு இரண்டு வருஷமாகிறது. கேட்கட்டும். அவருடைய கைவேலை இனி முன்ரூமுக்கு மட்டும்தான்.

முன்ரூமில் அவருக்கு வேண்டியது பாட்டு. மச்சானுடைய பழைய வேனிலிருந்து கழற்றிய கார் டேப் ஒன்று பரணில் கிடந்தது. அது பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சடையாண்டி, ஒரு செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து, வீட்டுக் கரண்டைப் பன்னிரண்டு வோல்ட்டாக்கித் தரும் பவர் சப்ளைப் பெட்டியையும் தனியாக ஒரு ஃபேனையும் சும்மாவே தூக்கிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கால்மேல் கால் போட்டு, கண்ணை மூடிப் பாட்டுக் கேட்பது என்று இஞ்ஞாசி முடிவுசெய்தார்.

“இதெல்லாம் ஓடுமா?” என்றாள் ஆனந்தமேரி.

அவள் அப்படிக் கேட்டால் போதும், அவருக்கு வெறி வந்துவிடும். இதை ஓடவைக்காமல் சோற்றில் கை நனைப்பதில்லை என்றார். நாலு தோசையை முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்தால் எந்தப் பெட்டிக்கும் உயிர் வரும் என்று எங்கோ படித்திருந்தார். இதில் பச்சையே இல்லை. பிளக்கை மட்டும் ஊரோடு ஒத்துச் செய்துவிட்டு, வயரின் நிறத்தையெல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருந்தான். சடையாண்டியை வீட்டுக்கே கூட்டி வந்தார்.

“அண்ணே, இது கம்பெனிப் பெட்டி. அவுக மதர்போர்டு சொன்னாத்தான் எந்திரிக்கும்.”

“இவுகளும் அவுக மதர் சொன்னாத்தான் எந்திரிப்பாக. ரெண்டும் ஒரே கம்பெனிதான்” என்றாள் ஆனந்தமேரி.

இஞ்ஞாசி பல்லைக் கடித்துக்கொண்டு மீட்டரைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வயராக மோப்பம் பிடித்தார். கடைசியில் அந்தப் பெட்டியை எழுப்புவது சாம்பல் வயர் என்று கண்டுபிடித்தே விட்டார். டேப் பாடியது. அவரும் கூடப் பாடினார். ஆனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பெட்டி தூங்கிவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் இதே கதை.

லோடு பத்தவில்லை என்றான் சடையாண்டி. லோடு என்றால் என்ன என்று ஆனந்தமேரி ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

“பாரம்க்கா. எந்நேரமும் தலையில ஒரு பாரம் இருந்தாத்தான் இது ஒழுங்கா ஓடும்.”

“அப்ப அதுக்கும் ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க.”

உள்ளே போனவள், ஹோல்டர், வயரோடு ஒரு கார் பல்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. மாட்டினார். முன்ரூமே கண் கூசியது.

“உங்களுக்குக் கண்ணு வலிக்கும். பாத்திரம் கழுவுற மூலையில கெடந்துட்டுப் போகட்டும். நான் பொறுத்துக்கிறேன்” என்றாள்.

அவள் மனசு இஞ்ஞாசியை நெகிழவைத்துவிட்டது. வயரை இழுத்துப் பல்பை அந்த மூலையில் மாட்டினார். லோடு இன்னும் கொஞ்சம் கூடினால் பெட்டி கல்லு மாதிரி நிற்குமே என்று அவள் கேட்டது நியாயமாகப்பட்டது. சும்மா கிடந்த அந்த ஃபேனையும் சேர்த்துக்கொண்டார். அடுப்படி ஜன்னலில் வட்டமாக ஓட்டை போட்ட ஒரு பலகை இருந்தது. ஃபேன் அதில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. நாலு மூலைக்கும் நாலு ஸ்குரூ. ஒன்றுகூட மிஞ்சவில்லை. தன் கைராசியை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்தது. இஞ்ஞாசி கால்மேல் கால் போட்டு டேப்பை அமுக்கினார். பாட்டு மெதுவாக ஏறி உச்சத்துக்குப் போனதும் டக்கென்று எல்லாம் அணைந்தது. மூன்றையும் சேர்த்துச் சுமக்கப் பெட்டியால் முடியவில்லை. டேப்பைக் கழற்றினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேன் கருவாட்டுப் புகையைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு ஜம்மென்று சுற்றியது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“மேரி, அந்தப் பலகையில ஓட்டை போட்டது யாரு?”

“சடையாண்டித் தம்பிதான். பெட்டிய உங்ககிட்டக் குடுக்கச் சொன்னதே நான்தானே, அன்னைக்கே அளவெடுத்துட்டுப் போச்சு.”

எல்லாவற்றையும் இப்பவே பிடுங்கி எறிகிறேன் என்று இஞ்ஞாசி எழுந்தார். தாராளமாக எறியலாம், அவரால் ஓடவைக்க முடியவில்லை என்று தெருவில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள் அவள். அவர் உட்கார்ந்தார்.

“பாட்டுத்தானே வேணும்? அடுப்படிக்கு வாங்க, நானே பாடுறேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேக்கலாம்.”

போனார். அவர் மாட்டிய பல்பின் வெளிச்சத்தில், ஒரு தோலைக்கூட விட்டுவிட்டு ஏமாற்ற வழியில்லை.