வயது நிறையாத பிராசஸர்

இங்குத் தரப்படும் வடிவம், 2024 ஆகஸ்ட் பதினேழாம் நாள் சனிக்கிழமை காலை ஏழேகால் மணியளவில், ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு டீக்கடையில் கேட்டுப் பதிவு செய்யப்பட்டது. சொன்னவர் பெரியதம்பி, வயது நாற்பத்தொன்று, கம்பெனிப் பேருந்து ஓட்டுநர். தாய்மொழி தமிழ், கோபம் வந்தால் கன்னடம். கேட்டவர்கள் என்னோடு சேர்த்து நால்வர். கதையில் "ஒரு கிறுக்கு வாத்தியாரு" என்று ஒருவர் வருகிறார். அவர் நான்தான் என்பது சொன்னவருக்குத் தெரியாது. தகவலாளியின் கதையோட்டத்தில் குறுக்கிடக் கூடாது என்பது, நாட்டார் கதைகளைச் சேகரிப்பவனாக நாற்பது ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவரும் நெறி. ஆகவே நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

நிகழ்ச்சிகளின்போது நான் உடனிருந்தமையால், அவர் சொன்னதை என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பதினொரு இடங்களில் திருத்தியிருக்கிறேன். முடிவு மட்டும் பொருந்தவில்லை. அதை உரிய இடத்தில் சொல்வேன்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக்காரர்களின் கூட்டமைப்பு ஒன்று உண்டு. அதன் அலுவலகத்தில் சௌமியா என்ற பெண் தற்காலிகப் பணியில் இருந்தாள். வயது இருபத்தாறு, சொந்த ஊர் காவேரிப்பட்டணம். ஜூன் இருபத்திரண்டாம் தேதி தொடங்கும் மாங்கனிக் கண்காட்சியில் திரையிட, மாம்பழம் கூழாகி டப்பாவுக்குள் போகும் கதையை மூன்று நிமிட அசைவுப் படமாகச் செய்ய வேண்டும் என்று கூட்டமைப்பு தீர்மானித்தது. "மேற்படி படத்தை உரிய காலத்தில் முடித்தவருக்கு நிரந்தரப் பணி வழங்கப்படும்" என்பது தீர்மானத்தின் இரண்டாம் பத்தி. முடிக்காவிட்டால் ஜூன் முப்பதோடு அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அலுவலகக் கணினியில் மாம்பழம் மரத்திலிருந்து கீழே விழுவதற்கே இரண்டு நாள் பிடித்தது. ஆகவே பிப்ரவரி ஐந்தாம் தேதி சௌமியா ஒரு பக்க விண்ணப்பம் கொடுத்தாள். ஆறு கோர் கொண்ட நடுத்தர விலைப் பிராசஸர் ஒன்று; வேகத்துக்குப் பூட்டுப் போடாத வகை; அதற்குத் தோதான போர்டு; நல்ல விசிறி ஒன்று. கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் அதைக் கூட்டி ஓட்டினால், இருமடங்கு விலையுள்ளது செய்யும் வேலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

கணக்கர் சரோஜம்மாள் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"வேகம் கம்மியா இருக்கறத வாங்கி வேகமா ஓட்டப்போற. மொதல்லயே வேகமானத வாங்கிட வேண்டியதுதானே?"

"அதுக்குப் பணம் பத்தாதுங்க மேடம்."

"பத்தாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? பட்ஜெட் என் பீரோவுலல்ல இருக்குது."

இத்தகைய நுட்பமான வினாக்கள் எழுந்தபடியால், கணினிக் கொள்முதல் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், கூட்டமைப்பின் செயலாளர் நாராயணப்பன். இவர் ஓசூரில் ஒரு பெரிய ஆலையின் பணியாளர் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்து, தொழிற்சாலைச் சட்டத்தை மனப்பாடம் செய்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர் சரோஜம்மாள். முனைவர் பட்டம் பெற்ற வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. எதில் முனைவர் என்று விதி கேட்கவில்லை. நான் கழுதைக் கதைகளின் முடிவு வேறுபாடுகளை ஆராய்ந்து பட்டம் பெற்றவன்.

எந்தப் பிராசஸர் சிறந்தது என்று கண்டறியும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். குறிப்பேட்டையும் ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, பெங்களூர் என்று நான்கு வாரம் அலைந்து இருபத்து மூன்று தகவலாளிகளைச் சந்தித்தேன். எட்டாவது தகவலாளி ஜெகதீஷ், ஓசூரில் கணினிக் கடை வைத்திருப்பவர்.

"தங்கள் சொந்த ஊர் எது?" என்று கேட்டேன்.

"சார், பிராசஸர் பாக்க வந்தீங்களா, மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"ஆய்வுக்கு வேண்டும்."

"பேரிகைங்க. வீட்ல தெலுங்கு. உங்க பட்ஜெட்டுக்கு ஆறு கோருதான் சார். போர்டுல காச மிச்சம் புடிச்சி விசிறியில போடுங்க. தாராளமா வேகம் ஏத்தலாம்."

"இச்செய்தியை யாரிடமிருந்து கேட்டீர்கள்?"

"யாருகிட்டயும் கேக்கல. நானே ஓட்டிப் பாத்தேன்."

'மூலம் தெரியவில்லை' என்று குறித்துக்கொண்டேன்.

இருபத்து மூன்று பேரும் இருபத்து மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் எட்டு கோர் என்றார். ஒருவர் அடுத்த வருடம் வருவதை வாங்கச் சொன்னார். அவரிடம் அடுத்த வருடம் கேட்டாலும் இதே விடைதான் வரும் என்று அவருடைய தம்பி சொன்னதையும் கிளைவடிவமாகச் சேர்த்தேன். அறிக்கை நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் சௌமியா. மார்ச் பத்து, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை முதல் மாலை ஆறே முக்கால் வரை என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. நேரத்தைக் குறிக்காமல் நான் எதையும் செய்வதில்லை.

வடிவங்கள் தம்முள் முரண்படும்போது, காலத்தால் முந்திய பதிவையே கொள்ள வேண்டும் என்பது எங்கள் துறையின் மரபு. முந்திய பதிவு, பிப்ரவரி ஐந்தாம் தேதி சௌமியா கொடுத்த ஒரு பக்க விண்ணப்பம். அதில் கண்ட ஆறு கோர் பிராசஸரையே வாங்கலாம் என்று குழு ஏகமனதாகப் பரிந்துரைத்தது. நிதியாண்டு முடிய ஒரு நாள் இருக்கையில் பொருள் வந்து சேர்ந்தது. என் முறை சரியானதே என்று அன்று மாலை எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

ஏப்ரல் முதல் வாரத்தில் சௌமியா எல்லாவற்றையும் பூட்டி முடித்து, வேகத்தைக் கூட்ட உட்கார்ந்தாள். நாராயணப்பன் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா பண்ற?"

"வேகம் ஏத்தறேங்க சார். மூணு புள்ளி ஏழுல இருந்து நாலு புள்ளி நாலு."

"கம்பெனி குறிச்ச அளவு எது?"

"மூணு புள்ளி ஏழுங்க."

"குறிச்ச அளவுக்கு மேல வேலை வாங்கறேன்னு சொல்ற."

"ஆமாங்க சார்."

"அதுக்குப் பேரு ஓ.டி."

சௌமியா சிரித்தாள். நாராயணப்பன் சிரிக்கவில்லை. தம் பணிக்காலத்தில் ஓ.டி. விவகாரத்தில் மட்டும் தொழிற்சாலை ஆய்வாளரின் நாற்பத்தேழு நோட்டீஸ்களுக்குப் பதில் எழுதியவர் அவர்.

"சம்மதம் எழுத்துல இருக்குதா? சம்மதம் இல்லாத ஓ.டி. குடுத்தா நாளைக்கு நான்தான் போயி நிக்கணும்."

"பிராசஸர் எப்பிடிங்க சார் எழுதும்?"

"எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வெச்சதில்லியா?"

அறிஞர் என்ற முறையில் என் கருத்து கேட்கப்பட்டது. உயிரற்ற பொருள்கள் பேசுவதற்கும் சம்மதம் தெரிவிப்பதற்கும் வாய்மொழி மரபிலிருந்து எண்ணூற்றுப் பன்னிரண்டு சான்றுகள் என்னிடம் உண்டு. உலக்கை பேசியிருக்கிறது, உறி பேசியிருக்கிறது. ஆகவே தடையில்லை என்றேன். சௌமியா என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது வியப்பு என்று குறித்துக்கொண்டேன்.

சம்மதக் கடிதம் தயாரானது. பெயர், பிரிவு, பிறந்த தேதி. பிறந்த தேதிக்காகச் சரோஜம்மாள் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"செஞ்சது போன நவம்பர்லதாங்க சார். இன்னும் பால்குடி மறக்காத வயசு."

நாராயணப்பன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அஞ்சு மாசக் கொழந்தை," என்றார். "ஓ.டி. கெடக்கட்டும், ஜெனரல் ஷிப்டுக்கே விடக் கூடாது. கழட்டும்மா அத."

பிராசஸர் கழற்றப்பட்டுச் சரோஜம்மாளின் பீரோவில் வைக்கப்பட்டது. பெட்டியின்மேல் ஒட்டிய தாளில், "நவம்பர் 2041 வரை பணியமர்த்தக் கூடாது" என்று எழுதி மூவரும் கையொப்பமிட்டோம்.

இனிப் பதினெட்டு நிறைந்த பிராசஸர் ஒன்று வேண்டும். கிடங்கில், கழிவு என்று முத்திரை குத்திய கணினி ஒன்று இருந்தது. வாங்கியது 2005. தூசி தட்டி மேசையில் ஏற்றினோம். நாராயணப்பன் சம்மதக் கடிதத்தை அதன்முன் உரக்கப் படித்தார். முகப்பில் சிவப்பு விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. அது சம்மதமென்று பதிவாயிற்று. ஓ.டி.க்கு இருமடங்கு ஊதியம் சட்டப்படி கட்டாயம் என்பதால் இரண்டாவது விசிறி ஒன்றும் பொருத்தப்பட்டது.

"இதுல படம் முடிய இன்னும் ஏழு வருசம் ஆவுங்க சார்," என்றாள் சௌமியா.

"ஓ.டி. குடுத்துப் பாரும்மா. வயசானவங்க பொறுப்பா செய்வாங்க."

அன்றிலிருந்து அவள் மாலை ஐந்தரைக்குப் பழைய கணினியை ஓடவிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். அது இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்கும். காலையில் நாராயணப்பன் ஓ.டி. ரிஜிஸ்டரில் அதன் பெயருக்கு நேரே மணிநேரம் குறிப்பார்.

மே பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. அறிக்கைக்கு இருபத்து நான்காவது வடிவம் ஒன்று கிடைக்குமா என்று ஓசூருக்குப் போனேன். ஜெகதீஷ் கடையின் உள்ளறையில் சௌமியா உட்கார்ந்திருந்தாள்.

"இங்கே என்னம்மா செய்கிறாய்?"

"படம் சார். சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் அண்ணன் இந்த மிஷின விடறாரு. சொன்னேனில்ல, அதே ஆறு கோரு. வேகம் ஏத்தித்தான் ஓடுது."

"எத்தனை மணிக்கு வந்தாய்?"

"எட்டுக்கு. பஸ்ஸு லேட்டு."

'சௌமியா, வருகை காலை 8.00' என்று எழுதிக்கொண்டேன். ஜெகதீஷ் எட்டிப்பார்த்தார்.

"சார், இந்தா உங்க கண்ணு முன்னாடியே ஓடுது பாருங்க. இப்பவாச்சும் என் பேருக்கு மூலம் போட்டுக்குங்க."

கண்காட்சியில் படம் திரையிடப்பட்டது. மாம்பழம் தடையின்றி விழுந்து, உருண்டு, கூழாகி, டப்பாவுக்குள் போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜூன் இருபத்தெட்டாம் தேதி குழு கடைசியாகக் கூடியது. பத்தொன்பது வயதுப் பிராசஸருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. பிறகு நாராயணப்பன் தீர்மானத்தின் இரண்டாம் பத்தியைப் படித்து, ஓ.டி. ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"பிராசஸர், அறுநூத்திப் பன்னண்டு மணி நேரம். படத்த முடிச்சது இதுதான்னு ரிக்கார்டு சொல்லுது."

"சார், படத்த முடிச்சது நான்," என்றாள் சௌமியா. "ஓசூருல, ஜெகதீஷ் அண்ணன் கடையில. தெனம் சாயங்காலம் போயி, ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து."

"உனக்கு ஓ.டி. ரிஜிஸ்டர்ல பேரே இல்லியேம்மா."

"தற்காலிகத்துக்கு ரிஜிஸ்டரே கெடையாதுன்னு நீங்கதாங்க சார் சொன்னீங்க."

"அதான் நானும் சொல்றேன். ரிஜிஸ்டரே இல்லாத ஆளு ஓ.டி. எப்பிடிப் பாத்திருக்க முடியும்? பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். குறிப்பேடு என் மடியில்தான் இருந்தது. நான் அச்சமயம் தீர்மான வரைவில் பொன்னாடையின் நிறம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தி முடித்துக் கையொப்பமிட்டேன். நிரந்தரப் பணி பிராசஸருக்கு வழங்கப்பட்டது. சௌமியா ஜூன் முப்பதில் விடுவிக்கப்பட்டாள்.

இதுவரை அவர் சொன்னதும் என் குறிப்பேடும் ஏறத்தாழ ஒன்றே. பெரியதம்பி சொன்ன வடிவத்தில் மட்டும், அந்தப் பெண் திரும்பிப் பார்த்ததும் கிறுக்கு வாத்தியார் எழுந்து நிற்கிறார். குறிப்பேட்டைப் பிரித்து, "மார்ச் பத்து, ஞாயிறு, காலை ஒன்பதரை, மே பத்தொன்பது, ஞாயிறு, காலை எட்டு" என்று வரிசையாகப் படிக்கிறார். செயலாளர் ரிஜிஸ்டரை மூடுகிறார். அந்தப் பெண்ணுக்கே வேலை கிடைக்கிறது.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "இத உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றார்.

"அந்தப் பொண்ணேதாம்பா. இப்ப அத்திப்பள்ளியில ஒரு கம்பெனிக்குப் போவுது. தெனம் நம்ம பஸ்ஸுலதான்."

"அங்க வேலை கெடைச்சிருந்தா எதுக்கு உன் பஸ்ஸுல வருது?"

பெரியதம்பி டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் கேட்டேன். ஆனா எப்ப சொன்னாலும் வாத்தியாரு எந்திரிச்சுப் படிச்சிட்டாருன்னுதான் சொல்லுது."

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைச் சரிபார்த்தேன். தேதிகளும் நேரங்களும் அவள் சொன்னபடியே இருக்கின்றன. படித்ததாக எங்கும் இல்லை. ஆகவே இம்முடிவைப் பிற்கால இடைச்செருகல் என்று குறித்திருக்கிறேன். மூலம் தெரியவில்லை.