சீர் அண்டாவும் ஃபைட்டர் மீனும்

பொன்னமராவதி சம்பந்தி மணிமேகலை அம்மாள் அவர்களுக்கு,

திருக்கோகர்ணத்திலிருந்து உண்ணாமலை எழுதிக்கொண்டது. இங்கே நானும் மீனும் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன்.

வருகிற வெள்ளிக்கிழமை வந்து மீனை எடுத்துக்கொண்டு போகப்போவதாக, கத்தாரில் இருக்கிற உங்கள் மகள் சுகுணாவிடம் சொன்னீர்களாம். அவள் என் மகனிடம் சொல்லி, அவன் எனக்குப் போன் போட்டு, "குடுத்து விட்டுரு ஆத்தா, ஒனக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறான். நான் கொடுப்பதாக இல்லை. போனில் சொன்னால் பிறகு அப்படி யாரும் சொல்லவே இல்லை என்பீர்கள், அதனால் எழுத்தில் தருகிறேன்.

நம் பேத்தி சிவரஞ்சனி திருச்சி ஹாஸ்டலுக்குப் போகும்போது அந்த ஃபைட்டர் மீனை என் கையில்தான் கொடுத்தாள். ஊறுகாய் பாட்டில் அளவு கண்ணாடி ஜாடி. உள்ளே திரும்பக்கூட இடமில்லாமல் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. பார்த்ததும் எனக்கு உங்கள் ஊரில் நடந்த கல்யாணம் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேரையும் ஃபேன் ஓடாத ஒரே ரூமில் அடைத்தீர்கள். கால் நீட்ட இடமில்லாமல் இரண்டு நாளும் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவள் நான். என் வீட்டுக்கு வந்த மீனுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மீன் கடை வைத்திருக்கிற சவரியப்பனிடம் போய் இருபது லிட்டர் தொட்டி வாங்கினேன். "கொழாத் தண்ணியில மருந்து வாசம் போகணும், ஒரு நாள் வெளிய வச்சு ஊத்துங்க ஆத்தா" என்றார். நல்ல தண்ணீர் நல்ல பாத்திரத்தில் இருக்கட்டுமே என்று, நீங்கள் சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, அதில் பிடித்து வைத்தேன். மறுநாள் தொட்டியில் ஊற்றி மீனை விட்டேன். சாயங்காலம் பார்த்தால் அடியில் ஒருக்களித்துக் கிடக்கிறது. ஜாடியில் அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். சவரியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "பித்தளைத் தண்ணி மீனுக்கு வெஷம் ஆத்தா. யாரு குடுத்த அண்டா?" சொன்னேன். பேரும் ஊரும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் மூன்று நாள் கிடந்து பிழைத்தது. பிறகு ஃபில்டர் மாட்டினால், தண்ணீர் வேகத்தில் அதைத் தள்ளிக்கொண்டு போகுது, அம்மாம் பெரிய வாலை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும், குழாய் வாயில் புது ஸ்பாஞ்சு கட்டினேன், அடங்கியது. மூடாமல் விட்டதில் ஒரு நாள் துள்ளித் தரையில் விழுந்தது, அள்ளிப் போட்டுக் கொசுவலையை இழுத்துக் கட்டினேன், மேலே வந்து மூச்சு வாங்குகிற மீன், காற்றும் போக வேண்டும் இல்லையா. இப்போது செடி வைத்திருக்கிறேன். எலை மேலே படுத்து உறங்குது. கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்தால் செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்குது. நிறம் நீலம்தான், கோபத்தைப் பார்த்து நான் கருப்பன் என்று பேர் வைத்தேன்.

இப்படி நான் ஆளாக்கி வைத்திருக்க, போன வாரம் நீங்கள் வந்தீர்கள். நான் காபி போட உள்ளே போன நேரத்தில் வலையை அவிழ்த்து ஒரு கை சோற்றை உள்ளே போட்டீர்கள். கேட்டால், "பசிச்ச மூஞ்சியா இருக்கு சம்பந்தி" என்றீர்கள். அதன் வயிறு அதன் கண் அளவுதான். தொட்டித் தண்ணீர் கஞ்சியாகிப் போச்சு. அதோடு விட்டீர்களா? "ஒத்தையா கெடக்கே, எங்க வீட்டுக்குக் கொண்டு போயி இன்னொண்ணு வாங்கிச் சோடி சேத்து விடுறேன்" என்றீர்கள். இன்னொன்றைச் சேர்த்தால் அடித்துக்கொண்டு ஒன்று செத்துப்போகும். அது தனியாக இருக்கிற மீன். எங்க வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷமா நானுந்தான் தனியா இருக்கேன், எனக்கு யாரும் வந்து சோடி சேத்து விடலை.

ஆகவே இனி என் வாசப்படியை மிதிக்க வேண்டாம். எங்கள் தெரு ஆட்டோக்காரர் அடைக்கலம் நாளைக்கு உங்கள் ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதத்தோடு அண்டாவையும் கொடுத்து அனுப்புகிறேன். சரிபார்த்து வாங்கிக்கொள்ளவும்.

எங்கள் ஊர்க் கோயில் பிரகதாம்பாள் உங்களுக்கு நீண்ட ஆயுசையும் எனக்குப் பொறுமையையும் தரட்டும்.

இப்படிக்கு,
உண்ணாமலை

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எனக்குப் புரை ஆபரேஷன் அதே வெள்ளிக்கிழமையாம். எட்டு நாள் குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது. எதிர்வீட்டில் கேட்க மாட்டேன், அவர்கள் செய்ததை எழுதத் தனிக் கடிதம் வேண்டும். தொட்டியை அங்கிட்டு இங்கிட்டு நகர்த்தினால் கருப்பன் தாங்காது. ஆகையால் வியாழக்கிழமையே நீங்கள் புறப்பட்டு வந்துவிடவும். காலையில் இரண்டு உருண்டை, சாயங்காலம் இரண்டு உருண்டை தீனி, டப்பாவில் எண்ணித்தான் வைத்திருக்கிறேன். சோற்றுப் பருக்கை ஒன்று தொட்டியில் கிடந்தாலும் ஒற்றைக் கண்ணிலேயே தெரிந்துவிடும். அண்டாவை அனுப்பவில்லை, உங்கள் முட்டிக்கு வெந்நீர் போட வேண்டும். உங்களுக்குத் தனி ரூம். ஃபேன் ஓடும்.