கருவிக்கு ஓர் உறை

காற்றில் எவ்வளவு அழுக்கு என்று அளக்கும் கருவியை எங்கள் தெருவில், தையல்காரர் கடை வாசலில், கம்பம் நட்டு மாட்டினார்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார். பொதுமக்களின் மேலான ஆரோக்கியத்தைக் கருத்தில் கொண்டு வைத்ததாம். கீழே ஒரு பலகையில் அன்றைய எண் சிவப்பாக எரியும். எண் ஏறினால் காற்று கெட்டது என்று அர்த்தம். எங்களுக்கு அது புதுச் சேதி அல்ல. பக்கத்திலேயே குப்பை எரியும், சரக்கு லாரிகள் பூராவும் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். தையல்காரர் மகளின் இருமல் அந்தப் பலகைக்கு முன்பிருந்தே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனால் எண்ணைப் பார்த்த வாரிய ஆய்வாளர் பதறிப்போனார். மேலிடத்தில் அவருக்குச் சரியான டோஸ். உடனே போர்க்கால அடிப்படையில் இறங்கினார். தண்ணீர் லாரி தினமும் வந்து கம்பத்தைக் குளிப்பாட்டியது. சரக்கு லாரிகளையும் குப்பை எரிப்பதையும் பின்தெருவுக்கு மாற்றினார். எண் மடமடவென்று இறங்கியது. தையல்காரர் மகள் இருமாமல் தூங்கினாள். நாங்களும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, வாரியத்தை முதல் தடவையாக வாயார வாழ்த்தினோம்.

பின்தெருவில்தான் தையல்காரரின் அக்கா குடியிருந்தார். ஒருநாள் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"தம்பி, உங்க தெருப் புகை மொத்தமும் எங்க வீட்டுல குடியேறிடுச்சுடா. பையன் மூச்சு விடவே திணறுறான். அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

ஆய்வாளர் எண்ணைப் பார்க்க வந்தபோது தையல்காரர் மெல்ல ஆரம்பித்தார்.

"சார், பின்தெருவுல ஒரே புகையா இருக்கு."

"யார் சொன்னது? அங்க கருவியே இல்லையே. அளக்காத இடத்துல மாசு எப்படி வரும்?"

"எங்க அக்கா பையன் இருமுறான் சார்."

"இருமலுக்கு டாக்டர் இருக்காரு. நம்ம துறை காத்து."

"அப்ப அங்கயும் ஒரு கருவி வெச்சிடுங்க."

"வாரியத்துல இருக்கறதே இந்த ஒண்ணுதான். கழட்டி அங்க மாட்டிடவா? அப்புறம் லாரியும் குப்பையும் எங்க வரும்னு யோசிச்சுச் சொல்லுங்க."

உள்ளே மகள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். தையல்காரர் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"அது கிடக்கட்டும்" என்றார் ஆய்வாளர். "விருதுக் குழு வருது. கருவிக்குத் தூசி ஆகமாட்டேங்குது. கெட்டித் துணியில ஒரு உறை தெச்சுக் குடுங்க."

"காத்து போக ஓட்டை வைக்கவா சார்?"

"எதுக்கு? தூசியே அது வழியாத்தான் உள்ள போகும்!"

தையல்காரர் ஏணி போட்டு ஏறி, கருவியை இரண்டு தரம் அளவெடுத்தார். அளவு பிசகினால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. உறை கச்சிதமாக உட்கார்ந்தது. எண் சுருண்டு படுத்துவிட்டது. ஊருக்குத் தூய காற்று விருது கிடைத்தது. தெருவே திரண்டு கைதட்டினோம்.

விழா முடிந்த கையோடு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வந்தார்.

"சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா. பரிசீலனையில இருக்காம்."

அக்கா கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல கெட்டித் துணிதான். மிச்சம் இருந்தா குடுடா, இவன் மூக்குக்குக் கட்டிவிடுறேன்."

தையல்காரர் குனிந்த தலை நிமிராமல் துணியை எடுத்தார். அளவெடுக்காமலே வெட்டிக் கொடுத்தார்.