டிகிரி அண்ணனின் இடது கன்னம்

மீனாட்சிபுரத்தில் எருமையைக்கூட ஏணியில் ஏற்றிவிடலாம். டிகிரி அண்ணனை எதையும் நம்பவைக்க முடியாது. பால் சொசைட்டியில் டெஸ்டர் அவர். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மீட்டரை மிதக்கவிட்டு டிகிரி பார்த்துப் பார்த்து அதுவே பெயராகிவிட்டது. கல்யாண வீட்டுப் பாயசத்திலும் மீட்டரை விட்டவர். முடி வளர்க்கும் தைலம் விற்க ஒருவன் வந்தபோது, உரித்த தேங்காயில் பாதிக்கு மட்டும் ஒரு மாதம் தேய்த்துப் பார்த்து, நார் வளரவில்லை என்று அவனைத் திருப்பி அனுப்பினார்.

எழுபதுகளின் நடுவில் நான் அந்தச் சொசைட்டியில் ரெஜிஸ்தர் எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தாறு வயது. என் வீட்டுக்காரர் சக்குபள்ளம் மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. நான்கு வருஷமாக ஊர்ப்பக்கம் வராதவர், பங்குனித் தேர் நோன்பிக்கு வருவதாகத் தை மாதம் கடிதாசி போட்டார். கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணோரமெல்லாம் சுருக்கம். பகீரென்றது.

அந்த நேரம் பார்த்து ஒரு கிரீம் ஏஜென்ட் வந்தான். சீமைச் சரக்காம்.

"கன்னுக்குட்டித் தோல்ல இருந்து எடுத்த கொலாஜன் சத்துங்க. பதினஞ்சே நாள்ல பத்து வயசு கொறையும்."

ஆறு டப்பா பூச வேண்டுமாம். அதற்கு என் ஒரே கிடாரிக் கன்றை விற்க வேண்டும். விற்கத் துணிந்தும்விட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல் டிகிரி அண்ணனைத் தனியே கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லி, "ஏனுங்ணா, இத வாங்கலாங்களா?" என்றேன்.

"அத்தன சத்தயும் தோல்லயே வெச்சிருக்கிற கன்னுக்குட்டியே ஒரு நாளைக்குக் கெழட்டு மாடாத்தான ஆகுது அம்மிணி? இருந்தாலும் பாக்காமச் சொல்லப்படாது."

ஏஜென்டிடம் ஒரு சாம்பிள் டப்பா வாங்கிக்கொண்டார். அரை மூஞ்சிக்கு அது போதும் என்றார்.

மறுநாளிலிருந்து இடது கன்னத்தில் கிரீம், வலது கன்னம் சும்மா. மாறிவிடக் கூடாதென்று, சாம்பிள் பாட்டிலுக்கு வைப்பதுபோல் இடது கன்னத்தில் நீல மைப்புள்ளி வேறு. பால் ஊற்ற வந்தவர்கள் விடுவார்களா?

"ஏனுங்க டிகிரி, ரெண்டாங் கண்ணாலத்துக்குப் பொண்ணு பாத்தாச்சுங்களா?"

"டெஸ்ட் நடக்குதுங்க. பால ஊத்துங்க."

பக்கத்துத் தொழுவத்தில் கன்று செத்த பசு ஒன்று இருந்தது. வைக்கோல் அடைத்த கன்றுத்தோலைக் காட்டித்தான் அதைக் கறப்பார்கள். ஐந்தாம் நாள் அது வைக்கோல் கன்றை விட்டுவிட்டு அண்ணனின் இடது கன்னத்தை நக்கியது. ஊரே சிரித்தது. அவரோ, டெஸ்ட் கெட்டுப்போச்சு என்று முகத்தைக் கழுவி, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கினார்.

அவர் வீட்டுக்காரி, எவளுக்காக இந்த மினுக்கு என்று கேட்டு, பேச்சையே நிறுத்திவிட்டார். அப்போதும் என் பெயரை அண்ணன் சொல்லவில்லை. சொசைட்டியில் அவருக்கு அடுத்த மேஜையில் நான் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்தாம் நாள் புள்ளியை அழித்துவிட்டு, வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் முகத்தைக் காட்டினார்.

"எந்தப் பக்கம் எளசுங்க?"

பாதிப் பேர் இடது என்றார்கள், பாதிப் பேர் வலது. ஒரு பாட்டி மட்டும் ரெண்டுமே கிழடு என்றாள்.

எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "ரெண்டு கன்னமும் ஒரே டிகிரிதான் அம்மிணி. கன்னுக்குட்டிய வித்துப் போடாதீங்க. உங்க ஊட்டுக்காரரும் நாலு வருசமா மழையில நனஞ்சவருதான? அவரென்ன கிரீமா பூசிட்டு வரப்போறாரு?"

கன்றை விற்கவில்லை. தேரன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரரின் இரண்டு காதோரமும் கறுப்புச் சாயம் ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"நரைச்சுப் போச்சு. நீ கெழவன்னு நெனச்சுக்குவியோன்னு..."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போய், எல்லாம் எனக்காகத்தான் என்று அவர் வீட்டுக்கார அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது என் முகம் முழுக்கச் சுருக்கம்தான். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அந்த நீலப் புள்ளிதான் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு நல்ல மனுஷன்.